பெரியவரான பிறகு கோல்ஃப் கற்பது: குழியிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

கோல்ஃப் கற்க வரும் பெரியவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே டிரைவரைக் கையில் எடுக்கிறார்கள். பையில் இருப்பதிலேயே நீளமான மட்டை அது. பந்தை மிகத் தொலைவுக்கு அனுப்புவதும் அதுதான். பயிற்சித் திடலில் கூடை கூடையாகப் பந்துகளை அடிக்கிறார்கள். எப்போதாவது ஒன்று அழகாகப் பறக்கிறது; மற்றவை தரையோடு ஓடுகின்றன, அல்லது பக்கவாட்டில் வளைந்து காணாமல் போகின்றன. அந்த ஒரு பந்து தந்த ஆசையில் மாதக்கணக்கில் அதையே தொடர்ந்து, கடைசியில் முதுகுவலியோடு ஆட்டத்தைக் கைவிடுகிறவர்கள் உண்டு. திறமை இல்லாததால் அல்ல. தொடங்கிய இடம் தவறு.

இந்த வழிகாட்டி நேர் எதிர்த் திசையில் செல்கிறது. பந்து கடைசியாக விழ வேண்டிய குழியின் ஓரத்தில் தொடங்குகிறோம். அங்கிருந்து படிப்படியாகப் பின்னால் நகர்ந்து, டிரைவரைக் கடைசியில் தொடுகிறோம். இதற்கு முதல் காரணம் கணக்கு. ஒரு குழியை எத்தனை அடிகளில் முடிக்க வேண்டும் என்ற அளவான ‘பார்’ நிர்ணயிக்கும்போது, கிரீனில் இரண்டு உருட்டல்கள் தேவைப்படும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 18 குழிகளுக்கு 36. மொத்தப் பார் 72 என்றால், அதில் சரிபாதி, புல்லை ஒட்ட வெட்டிய அந்தச் சிறு பரப்பிலேயே செலவாகிறது. இரண்டாவது காரணம் உடல். மட்டையின் முகம் இலக்கைப் பார்த்திருப்பது, மட்டை தரையைத் தொடும் இடம், நிலைகுலையாமல் முடிப்பது ஆகிய எல்லாமே குறுகிய அடியிலும் இருக்கின்றன, நீண்ட வீச்சிலும் இருக்கின்றன. சிறியதில் கைவந்தது பெரியதற்கு அடித்தளமாகிறது. பெரியதில் படிந்துபோன பிழையை எடுப்பதற்கோ பல மாதங்கள் ஆகும்.

வயதைப் பற்றித் தயங்க வேண்டாம். தென் கொரியாவின் ஒய். இ. யாங் 19 வயதில்தான் கோல்ஃப் மட்டையைத் தொட்டார்; 2009 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசி நாளில் டைகர் உட்ஸை முந்திப் பட்டம் வென்றார். அமெரிக்காவின் லாரி நெல்சன் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய பின், 21 வயதில் தொடங்கி, ‘மேஜர்’ என்னும் முதன்மைப் போட்டிகளில் மூன்று பட்டங்களை வென்றவர். நாற்பதிலும் ஐம்பதிலும் தொடங்குகிறவர்கள் அந்த உயரத்துக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. ஆனால் சின்ன வயதிலேயே பழகியிருந்தால்தான் இந்த வீச்சு கைவரும் என்று நம்பவும் வேண்டியதில்லை. ஒன்றை ஏன் செய்கிறோம் என்று புரிந்துகொண்டு பயில்வது பெரியவர்களால் முடியும். அந்தப் பலத்தை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரர்களுக்கு. இடக்கை ஆட்டக்காரர்கள் வலம், இடம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.

ஆட்டத்தின் கணக்கு

ஒரு முழுச் சுற்றுக்கு 18 குழிகள். ஒவ்வொன்றும் டீ என்னும் தொடக்க மேடையில் தொடங்கி, ஃபேர்வே என்னும் வெட்டிய புல்வெளி வழியாக, கிரீனில் உள்ள குழியில் முடிகிறது. தூரத்தைப் பொறுத்துப் பார் 3, 4 அல்லது 5. பாரைவிட ஒன்று குறைவாக முடித்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி, இரண்டு கூடினால் டபுள் போகி. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். இரண்டு பந்துகளை அருகருகே வைத்தாலும் குழிக்குள் இடம் மிஞ்சும். ஒரு மீட்டர் தூரத்தில் நின்று கை நடுங்கும்போது இந்த அளவை நினைத்துக்கொள்ளுங்கள்.

பார் 72 மைதானத்தில் எல்லாக் குழிகளிலும் டபுள் போகி என்றால் 108. புதியவருக்கு இது கௌரவமான முதல் இலக்கு. தொலைக்காட்சியில் பார்க்கும் 68ஐயும் 70ஐயும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் ஒவ்வொரு சுற்றும் தோல்வியாகவே தெரியும்.

மட்டைகள்

விதிப்படி 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். உங்களுக்கு ஏழு போதும்: பந்தை உருட்டும் பட்டர், மணலுக்கான சாண்ட் வெட்ஜ், குறுகிய தூரத்துக்கு உயர்த்தி அனுப்பும் பிட்சிங் வெட்ஜ், மெல்லிய உலோகத் தலை கொண்ட 9, 7 எண் அயர்ன்கள், அயர்னும் வுடும் கலந்த ஒரு ஹைப்ரிட், ஒரு டிரைவர் அல்லது பருத்த தலை கொண்ட 5 எண் வுட். அயர்னின் எண் கூடக்கூட முகத்தின் சாய்வு கூடும். பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். 7 எண் அயர்னின் சாய்வு பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியும், சாண்ட் வெட்ஜின் சாய்வு 54 முதல் 58 வரையும் இருக்கும். 3, 4 எண் அயர்ன்களை இப்போது வாங்கவே வேண்டாம். சாய்வு குறைந்த அந்த மட்டைகள் அனுபவசாலிகளையே சோதிப்பவை. அவை செய்யும் வேலையை ஹைப்ரிட் எளிதாகச் செய்யும்.

பழைய மட்டைகளே போதுமானவை. வாங்கும்போது இரண்டை மட்டும் பாருங்கள். தண்டின் விறைப்பு உங்கள் வீச்சின் வேகத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். மெதுவாக வீசுகிறவருக்கு விறைப்பான தண்டு உதவாது. கைப்பிடி ரப்பர் பளபளத்து வழுக்கினால் அதை மாற்றிவிடுங்கள். வழுக்கும் பிடியை இறுக்கிப் பிடிப்பீர்கள். அந்த இறுக்கம் தோள் வரை ஏறிவிடும். இடக்கைக்கு ஒரு கையுறையும் தேவை.

படி 1: உருட்டல்

முதல் இரண்டு வாரங்களைப் பட்டருக்குக் கொடுங்கள். பயிற்சிக் கிரீனில் நின்றால் போதும். பாதங்களைத் தோள் அகலத்தில் வைத்து, பந்தை நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக வையுங்கள். கண்கள் பந்துக்கு நேர் மேலே, அல்லது ஒரு விரற்கடை உள்ளே இருக்கட்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. தோள்கள்தாம் மட்டையை ஊசலாட்ட வேண்டும். பின்னால் எவ்வளவு போகிறதோ முன்னாலும் அவ்வளவே போகட்டும். பந்து புறப்பட்ட பிறகும் தலையை அப்படியே வைத்திருங்கள். அது விழுந்ததைக் காதால் கேளுங்கள்.

திசையைப் பழக, பட்டரின் தலை நுழையும் அளவு இடைவெளி விட்டு இரண்டு டீ முளைகளை (தொடக்க அடியில் பந்தைத் தாங்கும் சிறு குச்சிகள்) குத்தி, குழியிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் அந்த வாசல் வழியாக அடியுங்கள். முளையில் தட்டினால் முகமோ பாதையோ விலகிவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். யாரும் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் புதியவர்களின் அடிகளைத் தின்பது திசைப் பிழையல்ல, தூரப் பிழை. பத்து மீட்டரிலிருந்து அடித்த பந்து குழிக்கு வலப்பக்கமோ இடப்பக்கமோ இரண்டு மீட்டர் விலகுவது அரிது. மூன்று மீட்டர் முன்னால் நின்றுவிடுவதும், அதே அளவு தாண்டி ஓடுவதும் சர்வ சாதாரணம். மூன்று உருட்டல்கள் ஆவது இதனால்தான். எனவே பயிற்சியில் பாதி நேரம் குழியையே மறந்துவிடுங்கள். ஐந்து, பத்து, பதினைந்து அடியெடுப்புத் தொலைவுகளில் ஒவ்வொரு முளையைக் குத்தி, பந்தை அதன் அருகே நிறுத்தப் பாருங்கள். வேகத்தைக் கூட்ட ஊசலின் நீளத்தைக் கூட்டுங்கள், கையால் தட்டிவிடாதீர்கள். சரிவான கிரீனில் பந்துக்குப் பின்னால் குனிந்து, அங்கே தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் ஓடும் என்று பாருங்கள். மெதுவாக உருளும் பந்து அதிகமாக வளையும். வேகமாகப் போவது குறைவாக வளையும். அதனால் வேகத்தை முடிவு செய்யாமல் வளைவைக் கணிக்க முடியாது.

படி 2: பிடியும் நிற்பும்

மற்ற மட்டைகளைத் தொடுமுன் பிடியைச் சரிசெய்துவிடுங்கள். பந்தோடு மட்டைக்கு இருக்கும் உறவு மட்டையின் முகம்; முகத்தோடு உங்களுக்கு இருக்கும் ஒரே உறவு கைகள். இடக்கையில் கைப்பிடி உள்ளங்கையின் குறுக்கே கிடக்கக் கூடாது. சுண்டுவிரலின் அடியிலிருந்து ஆள்காட்டி விரலின் நடு மூட்டு வரை, விரல்களின் மேல் சாய்வாகக் கிடக்க வேண்டும். கட்டைவிரல் தண்டின் நடுவிலிருந்து சற்று வலப்பக்கம் அமரட்டும். மேலிருந்து குனிந்து பார்த்தால் இடக்கையில் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரிய வேண்டும். வலக்கை அதன் கீழே வந்து, இடக்கைக் கட்டைவிரலை உள்ளங்கைக் குழிவில் மூடிக்கொள்ளட்டும்.

வலக்கைச் சுண்டுவிரலை வைப்பதற்கு மூன்று வழிகள் உண்டு. இடக்கை விரல்களின் மேல் ஏற்றி வைப்பது வார்டன் பிடி. ஓப்பன் சாம்பியன்ஷிப்பை ஆறு முறை வென்ற ஹாரி வார்டன் அதைப் பிரபலமாக்கினார். இடக்கை ஆள்காட்டி விரலோடு கோத்துக்கொள்வது இரண்டாவது. ஜாக் நிக்லாஸும் டைகர் உட்ஸும் அப்படித்தான் பிடித்தார்கள். பத்து விரல்களும் தண்டைத் தொடுவது மூன்றாவது. சிறிய கைகளும் வலுக்குறைந்த விரல்களும் உள்ளவர்களுக்குக் கடைசி இரண்டும் வசதி. எதைத் தேர்ந்தாலும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். புதிய பிடி முதல் சில நாட்களில் நிச்சயம் உறுத்தும். வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு மட்டையைக் கையில் வைத்துப் பிடித்துப் பிடித்து விடுங்கள். திடலுக்குப் போகாமலே பழகிவிடும்.

நிற்பில் முக்கியமானது இடுப்பிலிருந்து குனிவது. முதுகை வளைத்துக் கூன் போடாமல், இடுப்பைப் பின்தள்ளி, முழங்கால்களை இலேசாக மடக்கினால் கைகள் தோளிலிருந்து தளர்வாகத் தொங்கும். அவை தொங்கும் இடத்தில் மட்டையைப் பிடியுங்கள். குறி வைக்கும்போது முதலில் மட்டையின் முகத்தை இலக்கை நோக்கி வைத்து, அதன் பிறகு பாதங்களை அந்தக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். பலர் பாதங்களை முதலில் வைத்துவிட்டுத் தோள்களை இலக்கை நோக்கித் திருப்புகிறார்கள். உடல் இலக்குக்கு வலப்பக்கம் பார்த்து நிற்பது தெரிவதே இல்லை. பயிற்சியின்போது தரையில் ஒரு கழியைக் கோட்டின் வாக்கில் கிடத்துங்கள்.

படி 3: சிப்

கிரீனுக்கு வெளியே சில அடியெடுப்புத் தூரத்தில் கிடக்கும் பந்தைக் கொஞ்சம் பறக்கவிட்டு, மீதித் தூரத்தை உருளவிடுவது சிப். பட்டர் ஊசலின் அடுத்த கட்டம் இது. 9 எண் அயர்னை எடுத்து, பாதங்களை நெருக்கமாக வைத்து, எடையில் பாதிக்கு மேல் இடக்காலில் போடுங்கள். பந்து நிற்பின் நடுவில் அல்லது சற்று வலப்பக்கம் இருக்கட்டும். கைகள் பந்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கட்டும். உருட்டியது போலவே தோள்களை ஊசலாட்டுங்கள். எடை கடைசி வரை இடக்காலை விட்டு நகரக் கூடாது.

குழியைப் பார்த்து அடிக்காதீர்கள். கிரீனின் ஓரத்திலிருந்து ஓர் அடியெடுப்பு உள்ளே ஒரு புல் நுனியையோ நிற மாற்றத்தையோ தேர்ந்தெடுத்து, பந்தை அங்கே இறக்குங்கள். மீதி தானாக உருளும். அதே ஊசலை 9 எண் அயர்னில் செய்தால் பந்து நிறைய ஓடும்; சாண்ட் வெட்ஜில் செய்தால் சீக்கிரம் நின்றுவிடும். மட்டையை மாற்றித் தூரத்தை மாற்றுங்கள், அடியை அல்ல. கிரீனைச் சுற்றிய சிக்கல்களில் பெரும்பங்கு இந்த ஒரு பழக்கத்தால் தீரும்.

படி 4: தரையைத் தொடும் இடம்

கோல்ஃபில் ஒன்றைத்தான் கற்க முடியும் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்பேன்.

தரையில் கிடக்கும் பந்தை மேலே எழுப்ப வேண்டும் என்று தோன்றியதும், கை அதற்கு அடியில் புகுந்து தூக்கப் பார்க்கிறது. எடை வலக்காலில் தங்கிவிடுகிறது, மணிக்கட்டு மடங்குகிறது. மட்டை பந்துக்கு முன்பே தரையில் இடித்து நின்றுவிடும். அல்லது தரையைத் தொடாமல் ஏறி, தன் கீழ் விளிம்பால் பந்தின் நடுவில் அறையும். பந்து முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு கிரீனைத் தாண்டிப் போகும். பார்வைக்கு இவை வெவ்வேறு பிழைகள். இரண்டுக்கும் வேர் ஒன்றே: வீச்சின் மிகத் தாழ்ந்த புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்துவிட்டது.

பந்தை உயர்த்துவது உங்கள் வேலை அல்ல. அதற்காகத்தான் முகத்தில் சாய்வு வைத்திருக்கிறார்கள். அயர்ன் கீழ்நோக்கி வரும்போதே பந்தைத் தொட வேண்டும். பந்து சாய்வான முகத்தில் ஏறிப் பின்சுழற்சியோடு கிளம்பும். மட்டை அதற்குப் பிறகு, பந்து இருந்த இடத்துக்கு இடப்பக்கத்தில் புல்லைச் சீவும். முதலில் பந்து, பிறகு தரை.

பந்தே இல்லாமல் இதைப் பழகலாம். புல்லில் சுண்ணப்பொடியால் ஒரு கோடு இழுங்கள். கோடு நிற்பின் நடுவில் வரும்படி நின்று, பிட்சிங் வெட்ஜால் இடுப்பு உயரம் வரை பின்னால் கொண்டுபோய், இடுப்பு உயரம் வரை முன்னால் வீசுங்கள். மட்டை புல்லைத் தொட்ட இடத்தைக் குனிந்து பாருங்கள். கோட்டுக்கு வலப்பக்கத்தில் புல் கிழிந்திருந்தால் எடை இன்னும் பின்காலில் இருக்கிறது. கோடு அப்படியே இருக்க, அதற்கு இடப்பக்கத்தில் மட்டும் புல் மெலிதாக எழுந்திருந்தால் அதுதான் வேண்டியது. பத்துக்கு ஏழு முறை அப்படி வரும் வரை பந்தை வைக்காதீர்கள். பொறுமையைச் சோதிக்கும்தான். ஆனால் இதைக் கடந்து வந்தவர், பந்தை வைத்த அன்று மட்டை முகத்தின் நடுவில் பந்து அமுங்கிக் கிளம்பும் அந்த மிருதுவான உணர்வை முதன்முறையாக அறிவார். கையில் அதிர்வே இருக்காது.

செயற்கைப் புல் விரிப்பில் பயில்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விரிப்பு பொய் சொல்லும். பந்துக்கு முன்பே இடித்தாலும் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை ஓரளவு நன்றாகவே அனுப்பிவிடும். அதே அடி உண்மையான புல்லில் மண்ணில் புதைந்துவிடும். அதனால் பந்துக்கு ஒரு சாண் பின்னால் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடித்தால் அடி சரி.

இந்த அரை வீச்சு நிலைத்த பிறகு, இடக்கை தரைக்கு இணையாகும் வரை பின்னால் கொண்டுபோய், வலக்கை தரைக்கு இணையாகும் வரை முன்னால் வீசுங்கள். இப்போது கைகளோடு மார்பும் திரும்ப வேண்டும். பாதங்களை ஒட்டி வைத்துக்கொண்டு அடிப்பது இதற்கு நல்ல பயிற்சி. உடல் தாறுமாறாக ஆடினால் உடனே தடுமாறுவீர்கள்.

படி 5: முழு வீச்சு

அரை வீச்சு கைவந்தவருக்கு முழு வீச்சில் புதிதாகக் கற்க அதிகம் இல்லை. 7 எண் அயர்னை எடுத்து, முதுகு இலக்கைப் பார்க்கும் அளவுக்குத் தோள்களைத் திருப்புங்கள். உடல் அந்த அளவு திரும்பவில்லை என்றால் இடக்குதிகாலைச் சற்று உயர விடுங்கள், தவறில்லை. கீழே வரும்போது முதலில் நகர வேண்டியது இடுப்பு; எடை இடக்காலுக்கு மாறிய பின் கைகள் தொடரும். தோளால் அவசரப்பட்டால் மட்டை வெளியிலிருந்து உள்ளே வெட்டும். முடிவில் தொப்புள் இலக்கைப் பார்க்க வேண்டும். வலக்காலின் நுனி மட்டும் தரையில் இருக்க வேண்டும். பந்து தரையிறங்கும் வரை அப்படியே நில்லுங்கள். நிற்க முடியவில்லை என்றால், உங்களால் தாங்க முடிந்ததைவிட வேகமாக வீசியிருக்கிறீர்கள்.

தாளம் முக்கியம். தொழில்முறை ஆட்டக்காரர்களின் வீச்சில் மட்டை மேலே போகும் நேரம், கீழே வந்து பந்தைத் தொடும் நேரத்தைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புதியவர்கள் மேலே இழுக்கும்போதே அவசரப்படுகிறார்கள்.

பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும் ‘ஸ்லைஸ்’ பெரும்பாலோரைப் பிடிக்கும். பந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்பதைப் பெரும்பாலும் மட்டையின் முகமே தீர்மானிக்கிறது. அது எந்தப் பக்கம் வளைகிறது என்பதை, முகத்துக்கும் மட்டை வரும் பாதைக்கும் இடையே உள்ள வேறுபாடு தீர்மானிக்கிறது. பாதையோடு ஒப்பிட முகம் வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளையும். இதற்குப் பயந்து உடலை இன்னும் இடப்பக்கம் திருப்பி நின்றால் பாதை மேலும் இடப்பக்கம் போய் வளைவு கூடத்தான் செய்யும். முதலில் பிடியைப் பாருங்கள். இடக்கையில் ஒரு முட்டிதான் தெரிகிறது என்றால் கையை வலப்பக்கம் கொஞ்சம் திருப்பி வையுங்கள். பல ஸ்லைஸ்கள் அங்கேயே குறைந்துவிடும்.

படி 6: டிரைவர்

இப்போது எடுக்கலாம். டிரைவருக்கு மட்டும் விதி மாறுகிறது: பந்து டீ முளையின் மேல் இருப்பதால், மட்டை தாழ்ந்த புள்ளியைக் கடந்து மேலேறும்போது அதைத் தொட வேண்டும். அதனால் பந்தை இடக்குதிகாலுக்கு நேராக வைத்து, பாதி பந்து மட்டையின் தலைக்கு மேலே தெரியும் உயரத்துக்கு முளையைக் குத்துங்கள். நிற்பை அகலப்படுத்தி, வலத்தோள் இடத்தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி நில்லுங்கள். பலத்தில் முக்கால் பங்கு போதும். மைதானத்தில் அது அடங்கவில்லை என்றால் அன்று முழுதும் ஹைப்ரிடால் தொடங்குங்கள். நேராகப் போய் ஃபேர்வேயில் கிடக்கும் பந்து, முப்பது மீட்டர் கூடப் பறந்து மரங்களுக்குள் போன பந்தைவிட எப்போதும் மேல்.

மணல்

பங்கர் என்னும் மணற்குழியில் பந்தை அடிப்பதில்லை. மணலை அடிக்கிறோம், மணல் பந்தைத் தூக்கி வருகிறது. சாண்ட் வெட்ஜின் முகத்தை வலப்பக்கம் திறந்து வைத்து, அதன் பிறகு பிடியைப் பிடியுங்கள். பாதங்களை மணலில் புதைத்து, பந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னால் ஒரு மணற்பொட்டைப் பார்த்து, அங்கே இறக்கி, நிறுத்தாமல் வீசி முடியுங்கள். நிறுத்தினால் பந்து உள்ளேயே கிடக்கும். 1930களின் தொடக்கத்தில் ஜீன் சரசென் இந்த மட்டையின் அடிப்பாகத்தைத் தடிப்பாக்கிப் பிரபலமாக்கியதே, மணலில் புதையாமல் சறுக்கிச் செல்லத்தான். பந்தை அடிப்பதற்கு முன், பந்துக்கு நேர் முன்னாலோ பின்னாலோ மட்டை மணலைத் தொட்டால் அபராதம் என்பது நினைவிருக்கட்டும். ஒத்திகை வீச்சிலும் தொடக் கூடாது.

பயிற்சியும் ஆசிரியரும்

வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் அடிப்பதைவிட, மூன்று நாட்கள் நாற்பது நிமிடம் நல்லது. அதில் பாதிக்கு மேல் உருட்டலுக்கும் சிப்புக்கும் போகட்டும். ஒரே மட்டையால் ஒரே இடத்துக்கு ஐம்பது பந்துகளை அடித்தால் கடைசிப் பத்து பந்துகள் பிரமாதமாகப் போகும். மைதானத்தில் அது உதவாது, ஏனென்றால் அங்கே எந்த அடியும் இரண்டாம் முறை வராது. புதிய அசைவைப் பழகும்போது மட்டும் திரும்பத் திரும்ப அடியுங்கள். மற்ற நேரங்களில் ஒவ்வொரு பந்துக்கும் மட்டையையும் இலக்கையும் மாற்றி, ஒவ்வொரு முறையும் பின்னால் போய்க் குறி பார்த்து வந்து அடியுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆட்டத்தில் அடிபடுவது கீழ்முதுகும் முழங்கையின் உட்புறமும் மணிக்கட்டும். தொடங்குமுன் பத்து நிமிடம் நடந்து, இடுப்பையும் தோள்களையும் திருப்பிச் சூடாக்குங்கள். முழங்கையில் வலி தொடங்கினால் அடித்து மறக்கப் பார்க்காதீர்கள். உருட்டலுக்கு மாறுங்கள், நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.

ஆசிரியர் அவசியமா? பிடியும் நிற்பும் படிந்துவரும் முதல் மாதத்தில் கட்டாயம் என்பது என் கருத்து. பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு வகுப்பு போதும்; கற்றது உடலில் இறங்க அவ்வளவு காலம் வேண்டும். ஒரு வகுப்பில் ஐந்து திருத்தங்களை அடுக்குகிறவரைவிட, ஒன்றைச் சொல்லி அதற்கொரு பயிற்சியும் தருகிறவரே நல்ல ஆசிரியர். திடலில் பக்கத்தில் நிற்பவர்கள் அன்போடு ஆலோசனை சொல்வார்கள். நன்றி சொல்லிவிட்டு, உங்கள் ஆசிரியர் சொன்னதையே செய்யுங்கள்.

மைதானத்தில் முதல் சுற்று

ஒன்பது குழிகளோடு தொடங்குங்கள், கூட்டம் குறைந்த நேரத்தில். குழிக்கு மிக அருகில் உள்ள டீயிலிருந்து ஆடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பையில் நிறையப் பந்துகள், டீ முளைகள், பந்தின் இடத்தைக் குறிக்க ஒரு நாணயம், கிரீனைச் சரிசெய்யும் சிறு கவை, தண்ணீர், தொப்பி. போட்டி அல்லாத ஆட்டத்தில், பாரைப்போல் இரு மடங்கு அடித்தும் முடியவில்லை என்றால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த குழிக்கு நடங்கள்.

கூட ஆடுபவர்கள் நீங்கள் எவ்வளவு நன்றாக அடிக்கிறீர்கள் என்று கவலைப்படுவதில்லை; எவ்வளவு நேரம் எடுக்கிறீர்கள் என்றுதான் கவலைப்படுவார்கள். உங்கள் முறை வந்தபின் 40 விநாடிக்குள் அடிக்கும்படி விதிநூலே பரிந்துரைக்கிறது. மற்றவர் அடிக்கும்போதே உங்கள் மட்டையை முடிவுசெய்துவிட்டால் அது தாராளமான நேரம். பந்து யார் பக்கமாவது போனால் தயங்காமல் “ஃபோர்!” என்று உரக்கக் கத்துங்கள். அடிப்பவரின் பார்வையில் படும்படி அசையாதீர்கள். கிரீனில் மற்றவரின் உருட்டல் கோட்டை மிதிக்காதீர்கள். பங்கரைவிட்டு வெளியேறும்போது மணலை வாரிச் சமன்செய்யுங்கள்.

உயரத்திலிருந்து விழும் பந்து கிரீனில் ஒரு சிறு பள்ளத்தை உண்டாக்கும். அதைச் சரிசெய்யும் முறையைப் பலர் அறிவதில்லை. கவையைப் பள்ளத்தின் அடியில் விட்டு நெம்பித் தூக்கினால் வேர்கள் அறுந்து, அந்த இடம் பழுப்பாகிவிடும். பள்ளத்தின் ஓரத்துக்கு வெளியே குத்தி, சுற்றிலுமிருந்து புல்லை நடுவை நோக்கித் தள்ளுங்கள். பிறகு பட்டரின் அடியால் மெதுவாகத் தட்டிச் சமமாக்குங்கள்.

தெரிந்திருக்க வேண்டிய விதிகள்

பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அமைப்பு, அமெரிக்க கோல்ஃப் சங்கம் இரண்டும் சேர்ந்து வகுக்கும் விதிகள் 2019இல் எளிமையாக்கப்பட்டன. முதல் விதி, பந்து கிடக்கும் நிலையிலேயே ஆடுவது. அடிக்க எண்ணி வீசி, பந்தைத் தொடாமல் போனாலும் அது ஓர் அடி. தயார்செய்யும்போது பந்து முளையிலிருந்து தவறி விழுந்தால் அடி அல்ல. காணாமல் போன பந்தைத் தேட மூன்று நிமிடம் உண்டு. கிடைக்கவில்லை என்றாலோ, பந்து எல்லைக்கு வெளியே போனாலோ, ஓர் அடி அபராதத்தோடு முன்பு அடித்த இடத்துக்கே திரும்ப வேண்டும். அந்த நடையை மிச்சப்படுத்த, சந்தேகம் வந்த உடனே சொல்லிவிட்டுத் தற்காலிகப் பந்து ஒன்றை அடித்துவிடுங்கள். சிவப்புக் கம்பங்கள் குறித்த நீர்நிலை போன்ற இடத்துக்குள் போனால், ஓர் அடி அபராதத்தோடு, பந்து எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல் புதிய பந்தைப் போடலாம். பந்தைப் போடுவது முழங்கால் உயரத்திலிருந்து. கிரீனில் அடிக்கும்போது கொடிக்கம்பத்தைக் குழியிலேயே விட்டுவைக்கலாம்.

ஹேண்டிகேப்

சில சுற்றுகளுக்குப் பிறகு ஹேண்டிகேப் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் திறனுக்கேற்ப அடிகளில் சலுகை தந்து, அனுபவசாலியோடு சமமாக ஆட வைக்கும் ஏற்பாடு இது. 2020 முதல் உலகம் முழுவதற்கும் பொதுவான முறை நடைமுறையில் உள்ளது. உச்ச அளவு 54.0. தொடங்க 54 குழிகளின் ஸ்கோர் தேவை. ஒன்பது குழிச் சுற்றுகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கோர்கள் சேர்ந்த பிறகு, கடைசி 20இல் சிறந்த 8ஐக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஆகவே மோசமான ஒரு நாள் உங்களைக் கீழே தள்ளிவிடாது.

புதியவர்களுக்கு ஸ்டேபிள்ஃபோர்டு முறைப் போட்டி மிகவும் உகந்தது. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டின் பெயரால் 1932இல் இங்கிலாந்தில் தொடங்கியது. சலுகையைக் கழித்தபின் பாருக்கு 2 புள்ளி, போகிக்கு 1, பேர்டிக்கு 3. டபுள் போகியோ அதற்கு மேலோ என்றால் பூஜ்யம். ஒரு குழியில் பத்து அடிகள் போனாலும் இழப்பது அந்தக் குழியை மட்டுமே.

ஸ்கோர் அட்டையின் ஓரத்தில் மூன்று எண்களையும் குறித்து வாருங்கள்: மொத்த உருட்டல்கள், கிரீனுக்கு அருகிலிருந்து ஒரே அடியில் கிரீனுக்குள் சேராத தடவைகள், அபராத அடிகள். ஐந்து சுற்றுகளின் அட்டைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், அடுத்த மாதப் பயிற்சியை எந்தப் படியில் தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். உருட்டல்கள் நாற்பதைத் தாண்டினால் படி 1. சிப்புகள் தவறினால் படி 3, 4. அபராதம் கூடினால் டிரைவரைச் சில வாரங்களுக்கு வீட்டிலேயே விட்டுவிட்டு ஹைப்ரிடோடு போங்கள்.